உயர்தர ஹெட்போன் தேர்வு: முதலில் காது, பிறகு பேஸ், கடைசியில் ஆம்ப்

ஹெட்போன் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) எப்படி?" என்பதுதான். அடுத்து டிரைவர் (ஒலியை எழுப்பும் உள் உறுப்பு) எத்தனை மில்லிமீட்டர், அதற்கடுத்து எந்த ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி). தலையில் எப்படி உட்காருகிறது என்ற கேள்வி பணம் கட்டிய பிறகுதான் வருகிறது.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். இயர்பேட் (கப்பின் விளிம்பில் இருக்கும் மெத்தை) காதைச் சுற்றிச் சரியாக அடைக்காவிட்டால் பேஸ் கசிந்துவிடும். பேஸின் அளவு மாறினால் பாடகர் குரலின் தெளிவும் மாறும். சொகுசு, பேஸ், தெளிவு என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறோமே தவிர, அவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியவை. அடியில் இருப்பது பொருத்தம்.

இங்கே சொல்வது காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன்களுக்கு. வயர்லெஸ் என்றால் ஆம்ப் உள்ளேயே இருக்கும் என்பதால் 6ஆம் பகுதியை விட்டுவிடலாம். மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

1. கடைக்குக் கிளம்பும் முன்

ஒரு சின்ன ஸ்கேல் எடுத்துக் காதை அளந்துகொள்ளுங்கள். மேலிருந்து கீழ் உயரம், அகலம், தலையிலிருந்து காது எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்ற ஆழம், இந்த மூன்றும் வேண்டும். பலருக்கு உயரம் 60 முதல் 70 மி.மீ., ஆழம் 20 மி.மீ. அளவில் வரும். இயர்பேடின் உள் துளை இதைவிடச் சிறியதாக இருந்தால் காது மடங்கும். ஆழம் குறைவாக இருந்தால் காது மடல் டிரைவர் மேல் இருக்கும் துணியில் உரசும். இரண்டும் அரைமணி நேரத்தில் வலியாக மாறும்.

வீட்டில் போடும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கள். தோடு, ஜிமிக்கி, மாட்டல் எது வழக்கமோ அதையும். கண்ணாடியைக் கழற்றி வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கண்ணாடியோடு மாட்டினால் அது வேறொரு ஹெட்போன்.

ஆறு பாட்டு போதும். எல்லாம் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு எல்லா ஹெட்போனிலும் நன்றாகத்தான் கேட்கும், அதற்காகவே தேர்ந்தெடுத்தது அது. உங்கள் ஆறில் இவை இருக்கட்டும்:

- பேஸ் கிட்டார் தனி வரியாக நடக்கும் எண்பதுகளின் திரைப்பாடல் ஒன்று
- எலக்ட்ரானிக் பேஸ் இறங்கி அடிக்கும் புதுப்பாடல் ஒன்று
- மிருதங்கத் தனி ஆவர்த்தனம்
- தம்புரா பின்னால் ஒலிக்கும் பெண் குரல் கச்சேரி
- நாதஸ்வரம், தவில்
- கூட்டமான வாத்தியங்கள் உள்ள ஆர்கெஸ்ட்ரா

இவற்றை இழப்பில்லாத (தரம் குறையாத) கோப்பாகவோ 320 கேபிபிஎஸ் தரத்திலோ போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ தளத்தில் யாரோ ஏற்றிய பழைய பாட்டின் நகலைப் போட்டால், நீங்கள் சோதிப்பது அந்த நகலைத்தான். கூடவே 30, 40, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) டோன்கள், பிங்க் நாய்ஸ் (எல்லா ஒலிகளும் கலந்த இரைச்சல்) ஆகியவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். அவை எங்கே உதவும் என்பது பின்னால் வரும்.

2. எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள்?

ஓபன் பேக்கா, குளோஸ்டு பேக்கா என்பதை ரசனை தீர்மானிப்பதைவிட உங்கள் அறைதான் தீர்மானிக்கிறது.

ஓபன் பேக்கில் டிரைவரின் பின்புறம் திறந்திருக்கும். ஒலி அறைக்குள் பரவுவது போலக் கேட்கும், காதும் அவ்வளவாக வேகாது. ஆனால் வெளிச்சத்தம் தடையில்லாமல் உள்ளே வரும், உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, பக்கத்து அறையில் சீரியல் ஓட, சமையலறையில் குக்கர் விசில் அடிக்க, அங்கே உட்கார்ந்து ஓபன் பேக்கின் நுணுக்கத்தை ரசிக்க முடியாது. ஃபேன் சத்தம் தாழ்ந்த ஒலிகளை மூடிவிடும்; அதை ஈடுகட்ட நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள்.

இரவு பத்து மணிக்கு மேல், கதவைச் சாத்திய அறையில், ஃபேன் இரண்டாம் எண்ணில் என்றால் ஓபன் பேக் வாங்கலாம். ஆபீஸ், ஹாஸ்டல், பலர் இருக்கும் ஹால் என்றால் குளோஸ்டு பேக்தான். பணம் எவ்வளவு இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

3. பொருத்தமும் சொகுசும்

முதலில் எடை. சென்ஹைசர் எச்டி 650 சுமார் 260 கிராம், அதே நிறுவனத்தின் எச்டி 800 எஸ் 330 கிராம், ஹைஃபைமேன் சுந்தரா 372 கிராம், ஃபோக்கல் கிளியர் 450 கிராம், ஆடெஸி எல்சிடி-எக்ஸ் 612 கிராம். பிளேனார் (காந்தங்களின் அருகே தட்டையான படலம் அதிரும்) வகையில் காந்த அடுக்குகள் காரணமாகக் கனம் கூடுவது சகஜம். அரைக் கிலோவுக்கு மேல் போனால் கழுத்து பேச ஆரம்பிக்கும், குறிப்பாகக் குனிந்து லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு.

ஆனால் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எடை எங்கே இறங்குகிறது என்பதே முக்கியம். தொங்கும் பட்டை வைத்த ஹெட்பேண்ட் எடையை உச்சந்தலை முழுவதும் பரப்பும். நடுவில் மட்டும் மெத்தை வைத்த ஹெட்பேண்ட் ஒரே புள்ளியில் அழுத்தும். அந்த வலி முதல் பத்து நிமிடத்தில் தெரியவே தெரியாது. இருபது முப்பது நிமிடத்தில்தான் வரும். ஆகவே கடையில் குறைந்தது 40 நிமிடம் கழற்றாமல் போட்டிருங்கள். உட்கார்ந்தே இருக்காமல் தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள், கீழே குனிந்து பாருங்கள்.

அடுத்து பக்கவாட்டு இறுக்கம், அதாவது கிளாம்ப். புதிய எச்டி 600, 650 இறுக்கமாக இருக்கும். ஹெட்பேண்டின் உலோகப் பகுதியை முழுக்க நீட்டி, அந்த உலோகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் வளைத்துத் தளர்த்தலாம். பிளாஸ்டிக்கை வளைத்தால் உடையும். ஒரேயடியாகத் தளர்த்திவிடவும் கூடாது: கிளாம்ப் குறைந்தால் அடைப்பு குறையும், அடைப்பு குறைந்தால் பேஸ் போகும்.

அடைப்பைச் சோதிப்பது எளிது. 40 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். இரண்டு கப்பையும் விரல்களால் மெல்லத் தலைப்பக்கம் அழுத்துங்கள். டோன் சட்டென்று பெரிதானால், அழுத்தாதபோது எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காதுக்குப் பின்னால் தாடை ஆரம்பிக்கும் பள்ளம், கண்ணாடிக் காம்பு போகும் இடம், அல்லது காதோரம் அடர்த்தியான முடி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி சோதித்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். கண்ணாடிதான் காரணம் என்றால் மெல்லிய காம்புள்ள கண்ணாடியோ, மென்மையான இயர்பேடோ உதவும்.

இந்தச் சோதனை குளோஸ்டு பேக்குக்கும் பிளேனாருக்கும் கட்டாயம். "இந்த மாடலில் பேஸே இல்லை" என்று திருப்பி அனுப்பப்படும் ஹெட்போன்களில் பல அடைப்பு சரியாக விழாதவை.

இயர்பேட் பொருளையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். வெல்வெட் போன்ற வெலூர் காற்றை விடும், வியர்வை குறைவு. ஆனால் தூசியும் தலை எண்ணெயும் அதில் ஊறும். தோலும் செயற்கைத் தோலும் நன்றாக அடைக்கும், பேஸ் கொஞ்சம் கூடும், ஆனால் சூடு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் செயற்கைத் தோல் ஈரப்பதத்தில் சீக்கிரம் உரிய ஆரம்பிக்கும். பேட் கழற்றி மாற்றக்கூடியதா, உதிரியாக இங்கே கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

4. பேஸ்: எவ்வளவு, எந்த இடத்தில்

"நல்ல பேஸ்" என்று ஒருவர் சொன்னால் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை இருப்பது ஆழ்ந்த பேஸ். காதால் கேட்பதைவிட அதிர்வாக உணர்வது. 60 முதல் 250 வரை இருப்பது நடு பேஸ். கிக் டிரம்மின் அடி, தவிலின் கனம் இங்கே. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ்.

நடு பேஸ் வீங்கிய ஹெட்போன் முதல் ஐந்து நிமிடம் அசத்தும். ஐந்து பாட்டு போனதும் எல்லாப் பாட்டும் ஒரே டொம் டொம். காரணம், 200 ஹெர்ட்ஸ் அருகே கூடுதலாக இருக்கும் ஒலி குரலின் கீழ்ப்பகுதியை மூடிவிடும். தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலியை மறைக்கும், இது காதின் இயல்பு. தெளிவு போதவில்லை என்று ட்ரெபிள் (உயர்ந்த ஒலிகள்) கூடிய ஹெட்போனைத் தேடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவை 200 ஹெர்ட்ஸில் இரண்டு டெசிபெல் (சத்தத்தின் அலகு) குறைவு.

சோதிக்கும் முறை: மிருதங்கத் தனியைப் போடுங்கள். தொப்பியில் (இடப்பக்கத்தில்) விழும் கும்கி (அழுத்தி இழுக்கும் அடி) வளைந்து மேலேறி அடங்குவது தெரிய வேண்டும். வெறும் 'தும்' என்று நின்றால் நடு பேஸ் வீங்கியிருக்கிறது, அல்லது அடங்கும் வேகம் போதவில்லை. அதே நேரம் வலந்தலையின் 'நம்', 'தின்' பிசிறில்லாமல் தனியாகக் கேட்க வேண்டும். பிறகு பேஸ் கிட்டார் பாட்டு. ஒவ்வொரு ஸ்வரமும் ஏறத்தாழ ஒரே கனத்தில் வருகிறதா, ஏதாவது ஒன்றிரண்டு மட்டும் துருத்துகிறதா என்று வாய்க்குள் பாடிக்கொண்டே கவனியுங்கள். ஆழ்ந்த பேஸுக்கு 60, 40, 30 ஹெர்ட்ஸ் டோன்களை வரிசையாகக் கேளுங்கள். காதே தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகத்தான் கேட்கும் என்பதால் கொஞ்சம் இறங்குவது இயல்பு. 40இல் ஏறக்குறைய காணாமலே போனால் அந்த ஹெட்போனில் ஆழ்ந்த பேஸ் இல்லை.

டிரைவர் வகையும் இங்கே பேசும். நன்றாக அடைத்த பிளேனார் 30 ஹெர்ட்ஸ் வரை சமமாக இறங்கும். எச்டி 650 போன்ற ஓபன் டைனமிக் (கம்பிச்சுருள் ஒட்டிய படலம் அதிரும்) வகை 60க்குக் கீழே சரியத் தொடங்கும்; குரலுக்கு அது அருமை, எலக்ட்ரானிக் பேஸுக்குப் போதாது. எலக்ட்ரோஸ்டாட்டிக்கை (மின்னழுத்தத்தால் படலத்தை அசைக்கும் வகை) பேஸுக்காக மட்டும் வாங்க வேண்டாம். அந்த வகையில் ஸ்டாக்ஸ் போன்றவற்றுக்கு 580 வோல்ட் பயஸ் (நிலையான மின்னழுத்தம்) தரும் தனி எனர்ஜைசர் (அதற்கான ஆம்ப்) வேறு வேண்டும், சாதாரண ஆம்ப்பில் ஓடாது.

பெட்டியில் அச்சடித்த "5 ஹெர்ட்ஸ் – 40 கிலோஹெர்ட்ஸ்" என்பதைப் படிக்காமலே விட்டுவிடுங்கள். எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத எல்லைக்குப் பொருளில்லை. 50 மி.மீ. டிரைவர் 40 மி.மீ. டிரைவரைவிடப் பேஸ் தரும் என்பதும் அப்படியே.

5. தெளிவு: குரல், 'ஸ்', தம்புரா

பெண் குரல் கச்சேரியில் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, குரல் முன்னால் இருக்கிறதா, திரைக்குப் பின்னாலா? பின்னால் போனால் 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் பள்ளமாக இருக்கலாம். சில பிளேனார்களில் இப்படி உண்டு. மேடை (இசை பரந்து கேட்கும் உணர்வு) அகலமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம், எனவே அகலத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் குரலைப் பாருங்கள். இரண்டு, 'ஸ', 'ஷ' ஒலிகள் ஊசியாகக் குத்துகின்றனவா? குத்தினால் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸில் முகடு. மூன்று, தம்புராவின் ஜீவா (அதன் ரீங்கார நாதம்) இழை இழையாகச் சுழன்று கேட்கிறதா, ஒரே ரீங்காரமாக ஒட்டிக்கொள்கிறதா?

நாதஸ்வரம் கடுமையான பரீட்சை. இயல்பிலேயே உரத்த, கூரான ஒலி. மூன்று கிலோஹெர்ட்ஸில் கொஞ்சம் மிகையான ஹெட்போனில் ஐந்து நிமிடம் தாங்காது.

அளவீட்டு வரைபடம் பார்ப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம்: திருத்தம் செய்யாத வரைபடத்தில் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு இருக்கத்தான் வேண்டும். மனிதக் காதின் வடிவமே அந்த இடத்தை உயர்த்துகிறது; அளக்கும் செயற்கைக் காதும் அப்படியே. நேர்கோடாக இருக்கும் வரைபடம் கேட்க மந்தமாக இருக்கும். ஒப்பிடுவதற்கு ஹார்மன் இலக்குக் கோடு பயன்படும்: பலரைக் கேட்க வைத்து ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் உருவாக்கியது, தாழ்ந்த பேஸில் ஏறத்தாழ 6 டெசிபெல் உயர்வு கொண்டது. வெவ்வேறு அளவீட்டுக் கருவிகளில் எடுத்த இரண்டு வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்று வைக்காதீர்கள். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள நெளிவுகளை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். அங்கே ஒவ்வொருவர் காதும் ஒவ்வொரு மாதிரி.

ஒரு எச்சரிக்கை. தெளிவான ஹெட்போன் பழைய பதிவுகளின் இரைச்சலையும், மோசமாகச் சுருக்கிய எம்பி3யின் கரகரப்பையும் சேர்த்தே காட்டும். நீங்கள் கேட்பதில் முக்கால்வாசி அறுபதுகளின் பாடல்கள் என்றால், கொஞ்சம் இதமான ட்ரெபிள் உள்ளதை எடுங்கள்.

6. ஆம்ப் கணக்கு

இம்பீடன்ஸ் (ஓமில் அளக்கும் மின்தடுப்பு) அதிகம் என்றால் ஓட்டுவது கடினம் என்பது பாதி உண்மை. சென்சிட்டிவிட்டியையும் (குறிப்பிட்ட மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பதையும்) சேர்த்துப் பார்க்க வேண்டும். இசையின் உச்சங்கள் 110 டெசிபெல் எட்டும் அளவுக்கு இடம் வைத்துக் கணக்கிடுவோம்.

எச்டி 650: 300 ஓம், 1 வோல்ட்டில் 103 டெசிபெல். இன்னும் 7 டெசிபெல் வேண்டும், அதாவது சுமார் 2.2 வோல்ட். கரண்ட் 7.5 மில்லிஆம்பியர்தான்.

சுந்தரா: 37 ஓம், 1 மில்லிவாட்டில் 94 டெசிபெல். 16 டெசிபெல் கூட்ட 40 மில்லிவாட், 1.2 வோல்ட், 33 மில்லிஆம்பியர்.

1 மில்லிவாட்டில் 83.5 டெசிபெல் மட்டுமே தரும் 50 ஓம் பிளேனார்: சுமார் 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். இதற்கு மேசை ஆம்ப் இல்லாமல் முடியாது.

தயாரிப்பாளர் கொடுப்பது டெசிபெல்/மில்லிவாட்டா, டெசிபெல்/வோல்ட்டா என்று பார்க்காமல் இரண்டு மாடலை ஒப்பிடுவது மிகச் சகஜமான தவறு. 32 ஓம் ஹெட்போனில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 15 டெசிபெல்.

1 வோல்ட் தரும் சாதாரண யுஎஸ்பி-சி டாங்கிள் (போனில் செருகும் சிறு ஆம்ப்) எச்டி 650ஐ 103 டெசிபெல் உச்சம் வரை ஓட்டும். இன்றைய திரைப்பாடலுக்கு அது தாராளம். தாழ்ந்த அளவில் பதிவான மேற்கத்திய செவ்வியல் இசைக்குத்தான் போதாமல் போகலாம். ஈக்யூவில் (ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் மென்பொருளில்) பேஸை 5 டெசிபெல் ஏற்றுவதாக இருந்தால் வோல்ட்டேஜ் 1.8 மடங்கு வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 32 ஓம் என்றால் 4 ஓமுக்குள். டைனமிக் டிரைவரின் இம்பீடன்ஸ் 100 ஹெர்ட்ஸ் அருகே எகிறும். வெளியீட்டு இம்பீடன்ஸ் கூடிய சில வால்வ் ஆம்ப்களில் அந்த இடம் மட்டும் உப்பி, பேஸ் தளர்ந்து கேட்கும். அது சிலருக்குப் பிடிக்கும், அது வேறு. பிளேனாரில் இந்தத் தொல்லை இல்லை, அதன் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு.

கேபிளுக்குத் தனிப் பட்ஜெட் ஒதுக்காதீர்கள். நீளம் போதுமா, சட்டையில் உரசினால் காதில் கேட்கிறதா, முனை பொருந்துகிறதா, இது போதும்.

7. ஒப்பிட்டுக் கேட்பது

ஒரு டெசிபெல் சத்தம் கூடினாலே அது "நல்ல ஹெட்போன்" ஆகிவிடும். ஆகவே சத்தத்தைச் சமன் செய்யாத ஒப்பீடு வீண். பிங்க் நாய்ஸை ஓடவிட்டு, நடுவில் சின்ன ஓட்டை போட்ட அட்டையை இயர்பேட் மேல் வைத்து, ஓட்டையில் போனின் மைக்கைப் பிடியுங்கள். ஏதாவது ஒரு ஒலி அளவி ஆப் போதும். எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு ஹெட்போனுக்கும் ஒரே எண் வரும்படி வால்யூமை வைத்தால் ஓரளவு சமமாகிவிடும். பிறகு காதாலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள். நான்காவது எப்படி இருந்தாலும் காது களைத்திருக்கும். கடைசியாக, முதலில் கேட்டதை மறுபடி மாட்டுங்கள். அப்போது "ஐயோ, இதில் இது இல்லையே" என்று தோன்றுவதுதான் நம்பத்தக்க குறிப்பு.

8. வாங்கிய முதல் வாரம்

திருப்பித் தரும் கெடுவைக் காலண்டரில் குறியுங்கள். "நூறு மணி நேரம் ஓடினால் திறந்துகொள்ளும்" என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். முதல் நாட்களில் மாறுவது பெரும்பாலும் இயர்பேடின் மென்மையும் உங்கள் காதின் பழக்கமும்தான். இரண்டாம் நாளும் குத்துகிற ட்ரெபிள் இருபதாம் நாளும் குத்தும்.

20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஸ்வீப்பை மிதமான சத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது இடத்தில் 'கிர்ர்' என்றால் உடனே வாரண்டிக்கு ஓட வேண்டாம். டிரைவரில் ஒற்றைத் தலைமுடி தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே சத்தம் வரும். பேடைக் கழற்றி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஜிமிக்கி ஆடுவதும் இப்படிக் கேட்கும்.

ஒலி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் கூடவே மாறினால் ஹெட்போன், கேபிள், ஆம்ப் ஆகியவற்றில் ஒன்று. மாறாமல் அதே காதில் நின்றால் அடைப்பு அல்லது உங்கள் காது. ஆம்ப்பின் குமிழ் மிகத் தாழ்ந்திருக்கும்போது மட்டும் சாய்ந்தால் அது குமிழின் குறை. லோ கெயினுக்கு (பெருக்கம் குறைந்த நிலைக்கு) மாற்றிக் குமிழை மேலே ஏற்றினால் சரியாகும்.

பிளேனாரை மாட்டும்போது மெதுவாக மாட்டுங்கள். கப்பைப் பட்டென்று அழுத்தினால் உள்ளே அடைபட்ட காற்று மெல்லிய டயஃப்ரத்தை (அதிரும் படலத்தை) தள்ளும். சரசரவென்ற சத்தம் அதுதான். ஹேர்பின், இரும்புத் தூள் பக்கத்தில் வைக்காதீர்கள், அதன் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

9. ஈக்யூவால் சீர்செய்தல்

விண்டோஸில் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் செய்யலாம். முதலில் ப்ரீஆம்ப்பை (மொத்த ஒலி அளவை), ஏற்றப்போகும் அளவுக்கோ சற்று அதிகமாகவோ குறையுங்கள். பேஸை 5 ஏற்றினால் ப்ரீஆம்ப் −6. இதை மறந்தால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

பேஸுக்கு: லோ ஷெல்ஃப் (ஒரு எண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மாற்றும் வடிப்பான்), 105 ஹெர்ட்ஸ், க்யூ (மாற்றம் பரவும் அகலம்; எண் கூடினால் குறுகும்) 0.7, 3இல் தொடங்கி 5 வரை. மந்தம் நீங்க: 200 ஹெர்ட்ஸ், −2, க்யூ 1. 'ஸ்' குத்தினால் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஸ்வீப் ஓட்டி, எந்த எண்ணில் எகிறுகிறதோ அங்கே −3, க்யூ 4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கொடுங்கள்.

ஓபன் டைனமிக் வகையில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 டெசிபெலுக்கு மேல் ஏற்ற வேண்டாம். டயஃப்ரம் நகரக்கூடிய தூரம் அவ்வளவுதான். அதற்குமேல் வருவது பேஸ் இல்லை, சிதைவு. அடைப்புக் கசிவை ஈக்யூவால் நிரப்பப் பார்ப்பதும் இதே கதை: தலையை ஒருமுறை அசைத்தால் கணக்கு மாறிவிடும்.

பேஸ் ஏறியதும் வால்யூமையும் ஏற்றத் தோன்றும். வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் (பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) சொல்லும் வரம்பு 85 டெசிபெலில் 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 94இல் மீதமிருப்பது ஒரே மணி நேரம்.

10. பேடும் ஈரமும்

கேட்டு முடித்ததும் பேடை உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றில் பத்து நிமிடம் வையுங்கள். வியர்வையோடு பெட்டியில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். எண்ணெய் தேய்த்த நாளில் தலைக்குக் குளிக்கும்வரை ஹெட்போனைத் தொட வேண்டாம்.

பேட் அமுங்க அமுங்கக் காது டிரைவரை நெருங்கும், ஒலியின் சமநிலை மாறும், அடைப்பும் தளரும். பழைய பாட்டு புதிதாகக் குத்துகிறது என்றால் புது ஹெட்போன் தேடும் முன் பேடின் உயரத்தைப் பாருங்கள். மாற்றும்போது அதே தயாரிப்பாளரின் பேடையே வாங்குங்கள்; வேறு தடிமன், வேறு துளை கொண்ட பேடைப் போட்டால் 4ஆம், 5ஆம் பகுதிச் சோதனைகளை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.